வளவுக்க கோழி வளர்க்கிறது: எல்லாரும் என்னட்டக் கேக்கிற கேள்வியள்

நான் இருக்கிறது இலங்கையில, வன்னியில விசுவமடுப் பக்கம். முக்கால் ஏக்கர் வளவு, ரெண்டு மா, ஒரு புளி, கிணத்தடியில வாழை, மிச்சமெல்லாம் கோழி கிளறின குழி. ஊருக்க நாலு பேருக்கு அடைமுட்டை குடுக்கப் போய், இப்ப கனடாவில இருக்கிற மச்சாள் வரைக்கும் கோழிக்கு என்ன எண்டாலும் எனக்குத்தான் போன் அடிக்கிறா, ஒரே பதிலை முப்பது தரம் சொல்லி வாய் நோகுது, அதான் எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைக்கிறன். நான் டொக்டரும் இல்லை, பாம் வச்சிருக்கிற ஆளும் இல்லை. இது வளவில அவிட்டு விட்டு வளர்க்கிற ஊர்க்கோழிக்கு மட்டும். புறொயிலர் வளர்க்கிற ஆக்களுக்கு இது உதவாது.

கேள்வி: புதுசாத் தொடங்கப் போறன், எத்தனை கோழி எடுக்கலாம்?

மூண்டு பேடு, ஒரு சாவல். இதைச் சொன்னாக் கன பேருக்கு முகம் சுருங்கும். தம்பி வெளிநாட்டில இருந்து காசு அனுப்பியிருக்கிறான், நூறு குஞ்சு எடுத்து விடப்போறன் எண்டு வருவினம். எடுங்கோ, ஆறு மாசத்தால எத்தனை மிஞ்சினது எண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ.

சண்டையால இடம்பெயர்ந்து போன நாங்கள் 2011ல ஊருக்குத் திரும்பி வந்தாப்பிறகு வாழ்வாதார உதவி எண்டு வீட்டுக்கு வீடு குஞ்சு குடுத்தவை. எங்களுக்கு 25. ஒரு மாசக் குஞ்சுகள், லைற்றடியில வளர்ந்ததுகள், பிராந்து எண்டா என்னெண்டே தெரியாது, மேல நிழல் விழுந்தா அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்குதுகள். தாய்க்கோழி எண்டா ஒரு குரல் குடுக்கும், அந்தக் குரலுக்குக் குஞ்செல்லாம் பத்தைக்குள்ள போய்ப் படுத்திடும். இதுகளுக்கு அந்தக் குரல் குடுக்க ஆளில்லை. ரெண்டு மாசத்தில 6 தான் மிஞ்சினது. அந்த நேரம் மாமி நெடுங்கேணியில இருந்து ஒரு கறுத்தப் பேட்டைக் காலைக் கட்டி உரப்பையில போட்டு பஸ்ஸில கொண்டு வந்து தந்தவ. இண்டைக்கு என்ர வளவில நிக்கிறதில முக்கால்வாசி அந்தப் பேட்டின்ர வழிதான். அதால நான் சொல்லுறது, காசிருந்தா குஞ்சு வாங்காதேங்கோ, முன்னம் ரெண்டு தரமாவது குஞ்சு வளர்த்த பேடு ஒண்டைத் தேடி வாங்குங்கோ. மிச்ச வேலையை அது செய்யும்.

வாங்கின கோழியை உடன அவிட்டு விட்டிடாதேங்கோ. மூண்டு நாலு நாள் கரப்பால மூடி வைச்சு அங்கயே தீனும் தண்ணியும் குடுத்தாத்தான் இதுதான் வீடெண்டு பழகும், இல்லாட்டி பின்னேரம் ஊர் முழுக்கத் தேடித் திரிய வேண்டியதுதான்.

கேள்வி: எந்த இனம் நல்லம் அக்கா?

ஊரில நிக்கிற கலப்பு இனமே காணும். எங்கட வெக்கைக்கு மொட்டைக்கழுத்துக் கோழி நல்லாத் தாங்கும், கழுத்தில இறகில்லாததால சூடு வெளிய போயிடும், பாக்கத்தான் ஒரு மாதிரி. கடையில விக்கிற சிவப்பு முட்டை லேயர் கோழி வருசத்துக்கு 300 முட்டை வரைக்கும் இடும்தான், ஆனா அதுக்கேத்த தீன் மூட்டை மூட்டையா வேணும், அடையும் கிடக்காது. ஊர்க்கோழி 40, 60 முட்டைக்குள்ளதான் இடும், ஆனா தன்ர சாப்பாட்டில பாதியைத் தானே தேடிக்கொள்ளும். ரெண்டுக்கும் கணக்கு வேற.

கேள்வி: சாவல் இல்லாட்டி பேடு முட்டை இடுமோ?

இடும். குஞ்சு வராது, அவ்வளவுதான். ஒரு சாவலுக்கு எட்டு, பத்துப் பேடு வரைக்கும் விடலாம். சாவலைக் கறி வைச்சாப்பிறகும் கிட்டத்தட்ட ரெண்டு கிழமைக்கு இடுற முட்டையளில குஞ்சு வரும், அதால அவசரப்பட்டு இன்னொரு சாவல் தேட வேண்டாம்.

கேள்வி: எங்கட சாவல் ஆக்களைக் கொத்துது, என்ன செய்ய?

என்னட்டயும் ஒரு சிவத்தச் சாவல் நிண்டது, சீலை கட்டின ஆளெண்டா விடாது. படலையைத் திறந்தாக் காணும், கழுத்து இறகைச் சிலுப்பிக்கொண்டு ஒரு செட்டையைத் தரையில தேச்சுத் தேச்சு பக்கவாட்டா வரும். சங்கக்காசு சேர்க்க வந்த அன்ரியை வேலிக்கரையில வைச்சு மறிச்சதை ஊரே இண்டைக்கும் சொல்லிச் சிரிக்கும். உதைக்கிறதோ கல்லெறியிறதோ சரிவராது, அது அதையும் சண்டை எண்டுதான் எடுக்கும். ஓடவும் கூடாது. பிடிச்சுக் கமக்கட்டுக்க வைச்சு, தலையை மெதுவாக் கீழ அமத்திக்கொண்டு வளவைச் சுத்தி ஒரு பத்து நிமிசம் நடவுங்கோ. ஒரு கிழமை செய்தா கொஞ்சம் அடங்கும். காலில இருக்கிற முள்ளின்ர நுனியை மட்டும் அராவி விடலாம், அடியோட வெட்டினா ரத்தம் போகும். சின்னப்பிள்ளை இருக்கிற வீடெண்டா இந்தப் பாடெல்லாம் வேண்டாம், அது முகத்துக்குத்தான் பாயும், வேற சாவலை மாத்துங்கோ.

முருகனுக்கு நேர்ந்து விட்ட சாவலெண்டா அது தனிக் கதை. பக்கத்து வளவில ஒண்டு நிண்டது, வெட்டவும் ஏலாது விக்கவும் ஏலாது, ஆறு வருசம் ஊரில இருந்த சாவல் எல்லாத்துக்கும் அடி போட்டுக்கொண்டு ராசா மாதிரித் திரிஞ்சது.

கேள்வி: கூடு எப்பிடிக் கட்ட வேணும்?

நிலத்தில இருந்து மூண்டடி உயரத்தில. தூணில ஒரு முழத்துக்குத் தகரம் சுத்தி விட்டீங்களெண்டா எலியும் பாம்பும் ஏறக் கஷ்டம். கூரை கிடுகெண்டா நல்லம், வெறும் தகரம் போட்டா சித்திரையில உள்ளுக்க வெந்து போகும். மாரி மழை வாடைக்காத்தோடதான் அடிக்கும், அதால வடக்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் பலகையாலயோ கிடுகாலயோ அடையுங்கோ, சோளகக் காத்து வாற தென்மேற்குப் பக்கத்துக்கு அரை இஞ்சிக் கம்பி வலை அடிச்சு விடுங்கோ. தூங்க ஒரு தடி, மொத்தமா இருக்கட்டும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடிக்கு மேல இடம் வேணும். கூடு இரவு படுக்கைக்கு மட்டும்தானே, அதுக்கு மேல மாளிகை ஒண்டும் தேவையில்லை.

மரத்தில ஏறிப் படுக்கிற கோழியளைப் பற்றிக் கேப்பினம். வெயில் காலத்தில நான் விட்டிடுவன், குஞ்சுத்தாயை மட்டும் கட்டாயம் கூட்டுக்க அடைப்பன். ஆனா 2022 டிசம்பரில மண்டூஸ் புயல் நேரம் அந்தக் குளிர் காத்துக்கு வடக்கு கிழக்கில ஆடு மாடே விறைச்சுச் செத்ததெல்லோ, அண்டைக்கு இரவு புளியில இருந்த கோழியள் எல்லாத்தையும் ஒவ்வொண்டா இறக்கிக் கடகத்தில அள்ளிக்கொண்டு வந்து குசினிக்க விட்டனான். விடியக் குசினி கிடந்த கோலத்தைச் சொல்லி வேலையில்லை.

கேள்வி: அடை எப்பிடி வைக்கிறது? எத்தனை முட்டை?

இதுக்குத்தான் கூடப் போன் வாறது, கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுறன்.

முதல்ல கோழிக்கு உண்மையா அடைக்குணம் வந்திட்டுதோ எண்டு பாருங்கோ. கிட்டக் கையைக் கொண்டு போனா உடம்பை ஊதிக்கொண்டு உறுமும், தூக்கி வெளிய விட்டாலும் திரும்பி வந்து படுத்திடும். ரெண்டு இரவு அப்பிடிக் கிடந்தா நம்பலாம். அதுவரைக்கும் கழிச்சுவிட்ட முட்டை ரெண்டை வைச்சுப் படுக்க விடுங்கோ. நல்ல முட்டையளை ஒரு கிழமைக்குள்ள இட்டதாப் பாத்து எடுங்கோ, பத்து நாளுக்கு மேல போனா பொரிக்கிறது குறையும். கூர் நுனி கீழ இருக்க அரிசிப் பானைக்குள்ள வைச்சாக் காணும், பிரிஜ்ஜில வைச்சது வேண்டாம். கழுவவும் கூடாது.

கடகத்தில கீழ கொஞ்சம் மணல், அதுக்கு மேல சாம்பல் தூவி, பிறகு வைக்கோல். அம்மம்மா ஒற்றை விழத்தான் வைப்பா, 9, 11, 13. நானும் 11 தான் வைக்கிறன், சாத்திரத்துக்காக இல்லை, நடுத்தரப் பேடு ஒண்டு அணைச்சு மூடக்கூடியது அவ்வளவுதான். ஆசைப்பட்டு 15 வைச்சா கரையில கிடக்கிற முட்டைக்குச் சூடு காணாது, அதை உள்ளுக்குத் தள்ள இன்னொண்டு வெளிய வரும், கடைசியில எல்லாம் கெடும். பொழுது படேக்க வையுங்கோ, இருட்டில கோழி குழம்பாது.

ஒரு நாளைக்கு ஒருக்கா இறங்கி, தின்று குடிச்சு, மண் குளிச்சு, பெரிய நாத்தம் பிடிச்ச பீ ஒண்டு போட்டிட்டு இருவது நிமிசத்தில திரும்பப் போயிடும். அதைப் பாத்து முட்டை ஆறப்போகுது எண்டு பதகளிச்சுத் துரத்தாதேங்கோ. அது தேவை.

ஏழாம் நாள் இரவு முட்டை பாக்கலாம். மட்டையைக் குழாய் மாதிரிச் சுருட்டி ஒரு பக்கம் போன் லைற், மற்றப் பக்கம் முட்டையின்ர மொத்தப் பக்கம். வெறுமனே மஞ்சளாத் தெரிஞ்சா கரு இல்லை, எடுத்துப் போடுங்கோ. குஞ்சு இருந்தா ஒரு கரும்புள்ளி தெரியும், அதில இருந்து சிவப்பு நூல் நூலா நாலாபக்கமும் ஓடும், சிலந்தி கால் விரிச்ச மாதிரி. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு பாத்தா அந்தப் புள்ளி துடிக்கிறது தெரியும். நான் எத்தனையோ தரம் பாத்திட்டன், இப்பவும் அந்த இடத்தில கை கொஞ்சம் நிக்கும்.

21ம் நாள் பொரிக்கும். சிலது 20, சிலது 22. ஓடு வெடிச்சு அரை நாளா அப்பிடியே கிடக்குது, உரிச்சு விடட்டோ எண்டு கேட்டு இரவு பத்து மணிக்கெல்லாம் போன் வரும். விடுங்கோ. உள்ளுக்க நரம்பில இன்னும் ரத்தம் ஓடும், அவசரப்பட்டு உரிச்சா ரத்தம் போய்ச் செத்திடும்.

கேள்வி: இடி இடிச்சா அடைமுட்டை கெட்டுப்போகுமெண்டு இரும்பு போடச் சொல்லுகினம், உண்மையோ?

அம்மம்மா ஒரு ஆணியும் கரித்துண்டும் செத்தல் மிளகாயும் போடுவா. நான் போடுறேல்லை, வித்தியாசமும் தெரியேல்லை. இடியை விட, இடிக்குப் பயந்து நாய் கூட்டடியில போய்ப் படுக்கிறதுதான் பிரச்சினை. சத்தத்துக்கு முட்டை கெடுமெண்டா எங்கட ஊரில ஒரு காலத்தில குஞ்சே பொரிச்சிருக்காது. 2009 தை மாசம் நாங்கள் வெளிக்கிடேக்க ஒரு பேடு 13 முட்டையோட கிடந்தது, 16ம் நாள். கூட்டுக் கதவைத் திறந்து விட்டு, ஒரு கொத்து நெல்லைக் கிட்டக் கொட்டிப்போட்டு வந்தனாங்கள். அம்மா ரெண்டு தரம் திரும்பிப் போய்த் தண்ணிச் சட்டியை நிரப்பினவ.

கேள்வி: இன்குபேற்றர் வாங்கினா என்ன?

வாங்கலாம். 37.5 பாகைச் சூடு, நாளைக்கு நாலைஞ்சு தரம் முட்டை பிரட்ட வேணும், 18ம் நாளோட பிரட்டுறதை நிப்பாட்டி ஈரப்பதனைக் கூட்ட வேணும். ஆனா கரண்ட் நம்பிக்கையா இருக்க வேணுமே. 2022 பங்குனி கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் போன நேரம் எங்கட ஒழுங்கையில ஒரு தம்பி ரெஜிபோம் பெட்டியில செய்த இன்குபேற்றரில 60 முட்டை வைச்சிருந்தவன், சுடுதண்ணிப் போத்தில் வைச்சு வைச்சுப் பாத்தான், கடைசியா 4 குஞ்சு. அதே கிழமை என்ர பேடு 11க்கு 9 பொரிச்சது, அதுக்குக் கரண்ட் போனது வந்தது ஒண்டும் தெரியாது.

கேள்வி: குஞ்சுகள் கன சாகுது, என்ன காரணம்?

முதல் நாப்பது நாள்தான் எல்லாம். அதைத் தாண்டினா பாதிக் கவலை போயிடும்.

கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது எண்டு பழமொழி இருக்கு, சொன்ன ஆள் குஞ்சு வளர்க்கேல்லைப் போல. ஒரு நாள் ரெண்டு நாள் குஞ்சு, ஒடுக்கமான பெட்டி, தாய் பயந்து துள்ளினா மிதிபட்டுச் சாகத்தான் செய்யும். அதால பொரிச்சு முடிஞ்ச உடன அகலமான இடத்துக்கு மாத்துங்கோ. அடுத்தது தண்ணி. ஆழமான பேணியில வைச்சா விழுந்து சாகும், தட்டையான சட்டியில கூழாங்கல்லு நிரப்பி கல்லிடையில தண்ணி நிக்க விடுங்கோ. மூண்டாவது ஈரம். விடிய பனியில அவிட்டு விடாதேங்கோ, புல்லுக் காயட்டும். நனைஞ்ச குஞ்சு ஒரு மணித்தியாலத்தில கொடுகிச் செத்திடும். அப்பிடிக் கண்டா துணியால துடைச்சு அடுப்படியில பெட்டிக்க வையுங்கோ, செத்துது எண்டு நினைச்சது ரெண்டு மூண்டு எனக்கு எழும்பி ஓடியிருக்கு.

தாயில்லாக் குஞ்செண்டா லைற் வேணும். முதல் கிழமை 32 இல் இருந்து 35 பாகை வரை, பிறகு கிழமைக்கு மூண்டு பாகை குறைச்சு வரலாம். தேர்மோமீற்றர் இல்லாட்டி குஞ்சுகளைப் பாருங்கோ, எல்லாம் லைற்றடியில ஒண்டுக்கு மேல ஒண்டு குவிஞ்சு கிடந்தா குளிர், ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு விட்டா சூடு கூட, பரவலாத் திரிஞ்சு கொத்தினா சரி. முக்கியமான விசயம், பழைய குண்டு பல்ப்தான் சூடு தரும், இப்ப வாற எல்ஈடி பல்ப்பைப் போட்டிட்டு லைற் எரியுது தானே எண்டு நித்திரைக்குப் போன ஆக்களை எனக்குத் தெரியும்.

மூண்டு நாலு கிழமைக் குஞ்சு ரத்தமாக் கழிஞ்சா அது ரத்தக் கழிச்சல், நிலம் ஈரமாக் கிடந்தா வரும். அடிக்குப் போட்ட உமியை மாத்தி, அண்டைக்கே மிருக வைத்தியர் கந்தோருக்குப் போய் மருந்து எடுங்கோ, நாளைக்குப் பாப்பம் எண்டா நாளைக்குக் குஞ்சு இருக்காது.

கேள்வி: பிராந்து, மரநாய், பாம்பு... எதைத்தான் காவல் காக்கிறது?

வன்னியில இருந்துகொண்டு ஒண்டும் பிடிக்கக்கூடாது எண்டா நடக்காது. பகலில பிராந்து, காகம், செண்பகம், கீரி. இரவில மரநாய், காட்டுப்பூனை, பாம்பு. முட்டைக்கு உடும்பும் குரங்கும். மயில் ஒண்டையும் பிடிக்காது, ஆனா கோழிக்குப் போட்ட குறுணலைத் தின்றுபோட்டுப் போகும், ஓட்டினாலும் வேலியில இருந்து திருப்பிப் பாக்கும்.

பிராந்துக்கு நிழல்தான் மருந்து. வெட்டவெளியா முத்தத்தைக் கூட்டித் துப்பரவா வைச்சிருக்கிற வீட்டிலதான் குஞ்சு கூடப் போகும். தாழ்வான பத்தை, பழைய கட்டில், தடிக் குவியல் ஏதாவது ஒளிக்க இடம் விடுங்கோ. கோபக்காரத் தாய் நல்லது, நெடுங்கேணிப் பேட்டின்ர மகள் ஒண்டு பிராந்தோட நிலத்தில கட்டிப் பிரண்டு குஞ்சைப் பறிச்சு எடுத்ததை நான் கிணத்தடியில நிண்டு பாத்தனான்.

ஒரு நாள் விடியக் கூட்டைத் திறந்தா கோழியள் எல்லாம் ஒரு மூலையில, மற்ற மூலையில வெங்கிணாந்தி, அதுதான் மலைப்பாம்பு, ஒண்டு. கோழியை விழுங்கி வயிறு ஊதினதால வந்த ஓட்டையால வெளிய போக ஏலாமல் சுருண்டு கிடக்குது. அடிக்க வேண்டாம், அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பாம்பு, வனசீவராசிகள் ஆக்களுக்குச் சொன்னா வந்து பிடிப்பினம். பிறகு நான் அந்த ஓட்டையை மட்டுமில்லை, விரல் போற எல்லா ஓட்டையையும் அடைச்சனான்.

இதெல்லாத்தையும் விட முக்கியம், பின்னேரம் எண்ணுறது. ஆறு மணிக்குக் கூட்டடியில நிண்டு ஒவ்வொண்டா உள்ளுக்குப் போகப் போக எண்ணுங்கோ. அண்டைக்கே குறையிறது தெரிஞ்சாத்தான் எது கொண்டு போகுது, எந்தப் பக்கத்தால வருது எண்டு பிடிக்கலாம். ஒரு கிழமை கழிச்சு, கோழி குறைஞ்ச மாதிரி இருக்கே எண்டா ஆர் கண்டது. ரெண்டு கால் கள்ளனும் இருக்கிறான்தானே, சொல்லவா வேணும்.

கேள்வி: என்ன தீன் போடுறீங்கள்?

விடிய ஒரு பிடி குறுணல், பின்னேரம் கூட்டடியில ஒரு பிடி நெல்லு. பின்னேரத் தீனை ஒரு நாளும் விடக்கூடாது, அதுக்காகத்தான் வீட்டுக்கு வருங்கள். இடையில தேங்காய்ச் சக்கை, சோறு, முருங்கையிலை, பப்பாசித் தோல். கருவாட்டுத் தலையைக் கழுவாமல் போடாதேங்கோ, உப்புக் கூடினாக் குஞ்சு செத்திடும். குஞ்சுக்கு முதல் மாசம் கடைக் குஞ்சுத்தீன் குடுக்கிறன், அதில மட்டும் காசு பாக்கிறேல்லை.

கறையான்தான் எங்கட காட்டு நிலம் தாற இலவசத் தீன். பழைய மண்சட்டிக்குள்ள காஞ்ச சாணகம், வைக்கோல், தும்பு போட்டு நனைச்சு, கறையான் நடமாட்டம் இருக்கிற இடத்தில பின்னேரம் கவிழ்த்து வையுங்கோ. விடியத் தூக்கினா சட்டி முழுக்க வெள்ளையா நெளியும். அதைக் குஞ்சுக்கு முன்னால தட்டி விட்டிட்டுத் தள்ளி நிண்டு பாருங்கோ. ரீவி தேவையில்லை.

வயலுக்கு மருந்தடிக்கிற நாளில மட்டும் கோழியை அடைச்சு வையுங்கோ. பக்கத்து வயல்காரரிட்ட முதலே கேட்டு வையுங்கோ.

கேள்வி: ஊரில கோழியெல்லாம் தூங்கி விழுந்து சாகுது, என்ன மருந்து?

மருந்தில்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் நம்புறாங்கள் இல்லை. பச்சையாக் கழிஞ்சு, செட்டை தொங்கி, கழுத்து ஒரு பக்கம் முறுகி, பின்னுக்கு நடந்து நடந்து விழுந்தா அது ராணிக்கெற். டொக்டர்மார் நியூகாசில் நோய் எண்டுவினம், 1926ல இங்கிலாந்தில அந்த ஊர்ப் பக்கம் கண்டதால வந்த பேர். வைரஸ். வெங்காயம், மஞ்சள், பனடோல் எண்டு பருக்கிறதெல்லாம் எங்கட மன ஆறுதலுக்கு. தடுப்பூசி ஒண்டுதான் வழி, அதுவும் வருத்தம் வர முதல்.

குஞ்சுக்கு முதல் கிழமையளவில கண்ணில ஒரு சொட்டு, நாலு கிழமையளவில திருப்பி, பிறகு இடைக்கிடை. சரியான நாளைக் கந்தோரில கேட்டு கலண்டரில குறிச்சு வையுங்கோ. ஒரு குப்பியில நூறு கோழிக்கு மேல காணும், கரைச்சா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிக்க வேணும், ஐஸ் இல்லாமல் கொண்டு வந்தா வெறும் தண்ணிதான். அதால நாங்கள் எட்டு வீடு சேர்ந்து ஒரு பிளாஸ்க்கில ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, பின்னேரம் கூட்டில அடைச்சாப்பிறகு டோர்ச்சோட வீடு வீடாப் போய்ப் போடுவம். ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் சொட்டு விட. சொட்டு விட்ட உடன விட்டிடக்கூடாது, கண்ணை ஒருக்கா மூடித் திறக்கும் வரைக்கும் பிடிக்க வேணும். இதுக்குப் பஞ்சிப்பட்டு ஒரு வருசம் விட்டனான், ஐப்பசி கடைசியில 31 கோழி, எட்டு நாளில 4 மிஞ்சினது. அந்த வாசம் கன நாள் வளவில நிண்டது.

இன்னொரு விசயம், கோபமா இருந்தாலும் சொல்லுறன். ஊரில வருத்தம் எண்ட உடன, சாக முதல் வித்துப்போடுவம் எண்டு சந்தைக்குக் கொண்டு போறது. அந்தக் கோழியை வாங்கின சனத்தின்ர வளவும் அடுத்த கிழமை காலி. செத்ததை வாய்க்காலுக்க எறியிறதும் அப்பிடித்தான். ஆழமா வெட்டி, சுண்ணாம்பு போட்டுத் தாழுங்கோ. வருத்தம் நிண்டு ஒரு மாசமாவது பொறுத்துப் புதுக் கோழி எடுங்கோ.

கேள்வி: கொண்டையிலயும் கண்ணைச் சுத்தியும் கொப்பளம்?

அம்மை. நுளம்பால பரவும், மழைக்குப் பிறகு கூட வரும். வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசி, கண் மூடிக் கிடந்தா கையால தீத்தி விட்டீங்களெண்டா கனக்கத் தப்பும். வாய்க்குள்ள வெள்ளையாப் படிஞ்சா கஷ்டம். இதுக்கும் தடுப்பூசி இருக்கு, செட்டையில குத்துறது.

கேள்வி: பேன் தொல்லை?

அடைக்கோழி முட்டையை விட்டிட்டு எழும்பி ஓடுதெண்டா முதல்ல பேனைப் பாருங்கோ. பழைய வைக்கோலை எரிச்சு, கூட்டு வெடிப்புகளுக்குச் சுடுதண்ணி ஊத்தி, புதுசா சாம்பலும் காஞ்ச வேப்பிலையும் போடுங்கோ. வளவில ஒரு மூலையில அடுப்புச் சாம்பலை மணலோட கலந்து கொட்டி விட்டா தாங்களே குளிச்சுக்கொள்ளுங்கள். காலில செதில் கிளம்பினா தேங்காயெண்ணெயோ வேப்பெண்ணெயோ ஒரு கிழமை பூசுங்கோ.

கேள்வி: அடைக்குணத்தை எப்பிடிக் கலைக்கிறது?

தண்ணிக்க முக்கிறது, மூக்கில இறகு குத்துறது எல்லாம் பாவம், வேண்டாம். அடியால காத்துப் போற கம்பிக் கூட்டுக்க வைக்கோல் இல்லாமல் நாலு நாள் வையுங்கோ, தீன் தண்ணி குடுத்து. வயிறு ஆறினா குணம் போயிடும்.

கேள்வி: தோல்முட்டை இடுது, முட்டையைக் குடிக்கவும் பழகியிட்டுது.

ரெண்டும் கன நேரம் ஒரே காரணம், சுண்ணாம்புச் சத்துக் காணாது. முட்டை ஓட்டை வறுத்து நல்லாத் தூளாக்கிப் போடுங்கோ, அப்பிடியே போட்டா ஓட்டைக் கண்ட உடன முட்டை ஞாபகம் வந்திடும். முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போறவையிட்டச் சொல்லி சிப்பி எடுப்பிச்சு இடிச்சும் போடலாம். முட்டையை நாளைக்கு ரெண்டு தரம் எடுங்கோ.

கேள்வி: பக்கத்து வீட்டோட கோழியால சண்டை.

மிளகாய்க் கண்டு நட்ட கிழமை உங்கட கோழி போய்க் கிளறினா அவை சும்மா இருக்க மாட்டினம்தானே. முதல் சண்டைக்கு முதலே பத்து முட்டையைக் குடுத்து வையுங்கோ எண்டது என்ர அனுபவம். நட்டு ஒரு மாசம் வரைக்கும் பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு அவிட்டு விட்டா அவ்வளவு தூரம் போகாதுகள். எரு கேட்டா மறுக்காதேங்கோ, 2021ல ரசாயன உரம் நிப்பாட்டின நேரம் கோழியைத் திட்டின வாயெல்லாம் உரப்பையோட வந்து நிண்டது. பச்சை எருவை நேர மரத்துக்குப் போட்டா எரிச்சுப்போடும், ரெண்டு மூண்டு மாசம் மக்கட்டும்.

கேள்வி: காட்டில காட்டுக்கோழி முட்டை கண்டெடுத்தனான், அடை வைக்கலாமோ?

எடுத்த இடத்தில வைச்சிட்டு வாங்கோ. இலங்கைக் காட்டுக்கோழி உலகத்தில வேற எங்கயும் இல்லாத பறவை, நாட்டின்ர தேசியப் பறவையும் அதுதான், பிடிக்கிறதும் வளர்க்கிறதும் சட்டப்படி குற்றம். ஒட்டுசுட்டான் பக்கம் விடியப்புறம் றோட்டுக்கரையில அந்தச் சாவலைப் பாத்திருப்பீங்கள், சிவப்புக் கொண்டைக்கு நடுவில மஞ்சள் பூசின மாதிரி. அதை அங்கயே பாக்கிறதுதான் வடிவு.

கேள்வி: கடைசியா இதில லாபம் இருக்கோ?

நேராக் கணக்குப் போடுவம். ஒரு பேடு வருசத்துக்கு 50 முட்டை எண்டு வையுங்கோ. மூண்டு தரம் அடை வைச்சா 33 முட்டை அதுக்குள்ள போயிடும், விக்கவோ தின்னவோ 17 தான். 33 இல 24 பொரிச்சா, அதில 12 வளர்ந்து வந்தா நீங்கள் கெட்டிக்காரர். முட்டையும் நிறைய வேணும், குஞ்சும் நிறைய வேணும் எண்டா ஒரே பேட்டில நடக்காது. ஆனா செலவு குறைவு, அதுதான் விசயம். 2022ல தீன் விலை ஏறிப் பெரிய பாமுகளே மூடினது, 2023ல இந்தியாவில இருந்து முட்டை இறக்கின காலம் எங்கட வீட்டில முட்டைக்குத் தட்டுப்பாடு வரேல்லை. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெயோட குடுக்க ஊர்க்கோழி முட்டைதான் வேணுமெண்டு ஆக்கள் தேடி வருவினம், சொன்ன விலை. பிள்ளையின்ர சப்பாத்து, போன் கார்ட், கலியாண வீட்டு மொய் எல்லாம் எனக்குக் கோழிக்காசுதான், அதுக்கு நான் ஒருத்தரிட்டயும் கணக்குச் சொல்லுறேல்லை.

கேள்வி: வளர்த்த கோழியை வெட்டித் தின்ன மனம் வருமோ?

பேர் வைச்சா வராது. நான் சாவலுக்குப் பேர் வைக்கிறேல்லை. நெடுங்கேணிப் பேடு வயசு போய் அதாவே செத்தது, வாழையடியில தாட்டனாங்கள்.

கேள்வி: இப்ப உங்களிட்ட எத்தனை நிக்குது?

11 பேடு, 2 சாவல், விடலை 8, ரெண்டு தாயோட குஞ்சு 17. இண்டைக்குப் பின்னேரம் எண்ணேக்க 16. மழை இருட்டுது, விறகுக் குவியலுக்குள்ள ஒரு சத்தம் கேக்கிற மாதிரிக் கிடக்கு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு போறன்.